அசைவு குறைந்தால் நாளை வரை காத்திருக்கலாமா? கருவுற்றோர் கேள்வி-பதில்

எனக்கு இது 34ஆவது வாரம், முதல் குழந்தை. நேற்றிலிருந்து அசைவு குறைந்ததுபோல் இருக்கிறது. "தலை கீழே இறங்கிவிட்டது, இடம் போதவில்லை, அதனால்தான்" என்கிறார் மாமியார். நான்கு நாள் கழித்துத்தான் அடுத்த பரிசோதனை. அதுவரை பொறுக்கலாமா?

பொறுக்கக் கூடாது. உங்களுக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இன்னொருவர் இருக்கக்கூடும் என்பதால் இதை முதலில் வைக்கிறேன்.

இடம் போதாததால் அசைவு குறையும் என்பது பலரும் நம்புகிற, ஆனால் ஆபத்தான தவறு. மாதம் ஏற ஏற அசைவின் தன்மை மாறலாம். ஓங்கி உதைப்பது குறைந்து, புரள்வதும் நெளிவதும் மிகும். ஆனால் அசைவே குறைந்துபோகாது. பிரசவ வலி தொடங்கும் வரை, தொடங்கிய பிறகும்கூட, குழந்தை அசைந்துகொண்டுதான் இருக்கும். நஞ்சுக்கொடி வழியாக வரும் ஆக்சிஜன் குறையும்போது, இருக்கும் ஆற்றலைச் சேமிக்கக் குழந்தை அசைவைக் குறைத்துக்கொள்வது உண்டு. வெளியே இருக்கும் நமக்குக் கிடைக்கும் ஒரே செய்தி சில சமயம் அதுதான்.

ஒரு நாளைக்கு இத்தனை அசைவு என்று எல்லோருக்கும் பொருந்தும் கணக்கு கிடையாது. உங்கள் குழந்தை வழக்கமாக எப்போது, எப்படி அசைகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதிலிருந்து மாறினால் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இனிப்பு சாப்பிட்டுப் பார்ப்பது, குளிர்ந்த நீர் குடித்துப் பார்ப்பது என்று நேரத்தைக் கழிக்க வேண்டாம். வீட்டில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவியையும் நம்ப வேண்டாம். பல நேரங்களில் அதில் கேட்பது தாயின் நாடித்துடிப்பு. குழந்தையின் துடிப்பே கேட்டாலும் அது நலமாக இருக்கிறது என்பதற்கு அது மட்டும் சான்றாகாது. மருத்துவமனையில் துடிப்பைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்து பார்ப்பார்கள். பெரும்பாலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லியே அனுப்புவார்கள். மறுநாள் மீண்டும் குறைந்தால் மீண்டும் செல்லுங்கள். தொந்தரவு கொடுக்கிறோமோ என்று கூச்சப்பட வேண்டாம்.

மூன்று ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. எனக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாயிற்று. எதிலும் குறையில்லை. கணவருக்கு ஒரு பரிசோதனைகூடச் செய்யவில்லை. கேட்டால் "எனக்கென்ன குறை?" என்று கோபப்படுகிறார்.

கோபம் வர வேண்டியது உங்களுக்கு, எனக்கும் வருகிறது. கருக்குழாய் எக்ஸ்ரே வலி தரக்கூடிய பரிசோதனை. விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, வலி இல்லை. முதல் சந்திப்பிலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டியதை விட்டுவிட்டு உங்களை மட்டும் மூன்று ஆண்டுகள் அலைக்கழித்திருக்கிறார்கள். குழந்தைப்பேறு தாமதமாகும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணம் தனியாகவோ, பெண் தரப்புக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது.

உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள்: ஆண்மைக்கும் விந்தணு எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. உறவில் எந்தக் குறையும் இல்லாத ஒருவருக்கு விந்தணுவே இல்லாமலிருக்கலாம். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்களைக் கீழ் எல்லையாகக் கொள்கிறது. அதற்குக் கீழே வந்தாலும் அது தீர்ப்பல்ல. ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் அளவில் ஆகும் என்பதால், சில வாரங்களுக்கு முன் வந்த கடுங்காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்திருக்கும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். உடற்கட்டுக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுபவராக இருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லட்டும். அந்த ஊசி விந்தணு உற்பத்தியை அடியோடு நிறுத்திவிடக்கூடும்.

வயது 29. மாதவிடாய் 35 நாளுக்கு ஒருமுறை வருகிறது. 14ஆம் நாளைக் குறித்துவைத்து ஏழு மாதமாக முயல்கிறோம். பலனில்லை.

நாள் கணக்கு தவறியிருக்கிறது. 14 நாள் என்பதை அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். உங்களுக்கு முட்டை வெளிவருவது 21ஆம் நாளை ஒட்டி இருக்கும். நீங்கள் முயன்ற நாளுக்கும் அதற்கும் ஒரு வாரம் இடைவெளி! விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். ஆகவே முட்டை வருவதற்கு முந்தைய ஐந்து நாட்களும் அந்த நாளும் வாய்ப்புள்ளவை. தெளிந்த வழுக்கலாக, கோழிமுட்டையின் வெள்ளைக்கரு போல நீளும் திரவம் வருவது நல்ல அறிகுறி. நாள் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர்களுக்கு நான் சொல்வது எளியது: மாதம் முழுவதும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருங்கள், கணக்கை மறந்துவிடலாம். 35 வயதுக்குள் இருப்பவர்கள் ஓராண்டு வரை இயல்பாக முயலலாம். 35 ஆகிவிட்டால் ஆறு மாதம். மாதவிடாய் ஒழுங்கே இல்லையென்றால் காத்திருக்கவே வேண்டாம்.

கரு உறுதியானதும், மாத்திரை எதுவும் கூடாது என்று, தைராய்டு குறைவுக்கு எடுத்துவந்த மாத்திரையை நிறுத்திவிட்டேன். சரிதானே?

இன்றே மறுபடி தொடங்கிவிட்டு மருத்துவரை அழையுங்கள். முதல் மாதங்களில் குழந்தை உங்கள் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது. கருவுற்றதும் பலருக்கு அளவைக் கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டிவரும். வலிப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்களுக்கும் சொல்கிறேன்: நீங்களாக நிறுத்தாதீர்கள். அவற்றில் சில குழந்தைக்கு ஆகாதவைதான், மாற்ற வேண்டும். ஆனால் மாற்ற வேண்டியவர் மருத்துவர். கருவுறத் திட்டமிடும்போதே கேட்டுவிடுவது எல்லாவற்றிலும் நல்லது.

எட்டாவது வாரத்தில்தான் கரு இருப்பதே தெரிந்தது. ஃபோலிக் அமிலம் எடுக்கவே இல்லை.

இன்று தொடங்கி 12ஆவது வாரம் வரை எடுங்கள். உங்களிடம் மறைக்க மாட்டேன்: குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். அதனால்தான் திட்டமிடும் காலத்திலேயே நாளுக்கு 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறோம். ஆனால் எடுக்காதவர்களின் குழந்தைகளிலும் மிகப் பெரும்பாலோர் குறையின்றியே பிறக்கிறார்கள். 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் முதுகுத்தண்டை விரிவாகப் பார்ப்பார்கள். அதைத் தவறவிடாதீர்கள்.

ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. அதற்கு முந்தைய நாள் தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கினேன். அதுதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். என்னால் தூங்க முடியவில்லை.

அந்த வாளி காரணமல்ல. மாடிப்படி ஏறியதோ, பஸ்ஸில் போனதோ, கணவரோடு சேர்ந்திருந்ததோ, வேலைக்குப் போனதோ காரணமல்ல. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கை பிசகியதால் கலைபவை. கருத்தரித்த கணத்திலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிற விஷயம் அது. பல நேரங்களில் கருவின் வளர்ச்சி நின்று சில நாட்கள், ஏன், சில வாரங்கள் கழித்துத்தான் ரத்தப்போக்கே தொடங்குகிறது. அப்படியானால் நீங்கள் வாளியைத் தூக்குவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும். இதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இப்படி முடிகின்றன. யாரும் வெளியே சொல்லாததால் நமக்கு மட்டும்தான் நடந்தது என்று தோன்றுகிறது. ஒருமுறை கலைந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த முறை நலமாகப் பெற்றெடுக்கிறார்கள். சிக்கல் ஏதும் இல்லையென்றால், ஒரு மாதவிடாய் வந்த பிறகு, மனமும் ஒப்பினால் முயலலாம். மனம் ஒப்பவில்லை என்றால் யாருடைய அவசரத்துக்காகவும் முயல வேண்டாம். தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

காபியை அடியோடு விட வேண்டுமா?

வேண்டாம். நாளுக்கு 200 மில்லிகிராம் கஃபீனுக்குள் இருந்தால் போதும். கடுமையாகப் போடாத காபி இரண்டு சிறு கோப்பை வரை பெரும்பாலும் அதற்குள் அடங்கும். தேநீர், கோலா, சாக்லேட்டிலும் கஃபீன் உண்டு என்பதைக் கணக்கில் சேருங்கள்.

30ஆவது வாரம். இடப்பக்கமாகத்தான் தூங்குகிறேன். ஆனால் விழிக்கும்போது மல்லாந்து கிடக்கிறேன். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று அழுகை வருகிறது.

அழாதீர்கள். 28ஆவது வாரத்துக்குப் பிறகு பக்கவாட்டில் படுக்கச் சொல்வது, மல்லாந்தால் கருப்பை முதுகுப்பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும் என்பதற்காக. இடமோ வலமோ, எந்தப் பக்கமும் சரி. தூங்கத் தொடங்கும்போது எப்படிப் படுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். இரவில் அதிக நேரம் அந்த நிலையில்தான் கழிகிறது. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து விழித்தால் பக்கவாட்டில் திரும்பி, மறுபடி தூங்குங்கள்.