தனியாகக் கேட்டால் கனம், பாட்டில் சேர்ந்தால் மெலிவு: மெட்டல் கிட்டாருக்கு என்ன செய்வது?

கேள்வி: ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக வீட்டுக் கம்ப்யூட்டரில் மெட்டல் கிட்டார் பதிவு செய்கிறேன். டிராப் சி ட்யூனிங் (அடிக்கம்பியைச் சி ஸ்வரம்வரை இறக்கியது). ஆம்ப் சிமுலேட்டர் பிளகினில் கெயின் (ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனின் அளவு) 9; பேஸ் (அடி ஒலி), ட்ரெபிள் (உச்ச ஒலி) இரண்டையும் ஏற்றி மிட்டை (நடு ஒலியை) குறைத்திருக்கிறேன். தனியாக வாசித்தால் அறையே அதிர்கிறது. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் கொசு ரீங்காரம்போல் ஆகிவிடுகிறது. ஒரே டேக்கை (ஒருமுறை வாசித்த பதிவை) நகலெடுத்து இடமும் வலமும் போட்டும் பயனில்லை. ‘ப்ரோ மெட்டல் டோன்’ என்று விற்கும் பிரீசெட் (முன்கூட்டியே அமைத்த செட்டிங்) தொகுப்பு வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. காசைப் பத்திரமாக வைத்திருங்கள். நீங்கள் தேடும் கனம் ஒற்றை கிட்டார் டிராக்கில் இருக்கவே இருக்காது. தனித்தனியாக வாசித்த இரண்டு டேக்குகளும், அவற்றுக்கு அடியில் ஓடும் பேஸ் கிட்டாரும் சேர்ந்துதான் அதைத் தருகின்றன. இதை எந்தத் தொகுப்பிலும் அடைத்து விற்க முடியாது.

முதலில் நகல் விஷயம். ஒரே டேக்கை இரண்டு பக்கமும் வைத்தால் இரண்டு காதுக்கும் ஒரே சிக்னல்தான் போகிறது. அது நடுவில் நிற்கும் ஒரே கிட்டாராகவே கேட்கும், சத்தம் மட்டும் கூடும். நகலை 15 மில்லிசெகண்ட் தள்ளிவைக்கும்படி யாராவது சொல்வார்கள். ஹெட்போனில் அகலமாகத்தான் இருக்கும். ஆனால் மொபைல் ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றாகக் கலக்கும்போது 33, 100, 167 ஹெர்ட்ஸ் என்று ஏறத்தாழ 67 ஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் விழும். பாம் மியூட்டின் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி அடிப்பதன்) வயிறே காணாமல் போகும். ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை) இரண்டு முறை வாசியுங்கள். முதல் டேக்கை முழு இடம், இரண்டாவதை முழு வலம் பேன் செய்யுங்கள். வாசிப்பில் இயல்பாக வரும் நுண்ணிய வேறுபாடுதான் அகலமாகக் கேட்கிறது. இரண்டாவது டேக் வாசிக்கும்போது முதலாவதை ஒரு காதில் மட்டும் கேளுங்கள்; ரிஃப் எங்கே நிற்கிறதோ அங்கே இரண்டும் ஒன்றாக நிற்கவேண்டும். நான்கு டேக் வேண்டவே வேண்டாம். இரண்டே இன்னும் இறுக்கமாக ஒட்டாதபோது நான்கு போட்டால் பிக் அடி மழுங்கி, எல்லாம் சேறாகிவிடும்.

அடுத்தது கெயின். தனியாக வாசிக்கும்போது 9 சுகமாக இருக்கும். இரண்டு டேக் சேர்ந்தால் டிஸ்டார்ஷன் கூடித் தெரியும். பிக் கம்பியில் படும் சத்தம் அமுங்கி, நரநரப்பு மட்டும் மிஞ்சும். 5-க்கு இறக்குங்கள். பவர் கார்டை (இரண்டு ஸ்வரம் சேர்ந்த கார்டை) அடித்தால் கம்பிகள் பிரிந்து கேட்கவேண்டும், பாம் மியூட்டில் பிக் அடி தெளிவாகத் தெரியவேண்டும். அதுதான் அளவு. ஆம்புக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் ஒன்றை வையுங்கள்: டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு, டோன் நடுவில். அது டிஸ்டார்ஷனுக்காக அல்ல. தாழ்ந்த அலைவரிசையை ஆம்புக்குள் போகுமுன் குறைத்து மிட்டைத் தள்ளிக்கொடுக்கும். டிராப் சி-யின் தொளதொளப்பு அதிலேயே பாதி போய்விடும்.

மிட்டைக் குறைத்தது அதைவிடப் பெரிய சிக்கல். கீழே கிக் டிரம்மும் பேஸும் உட்கார்ந்திருக்கின்றன, மேலே சிம்பல்கள். கிட்டாருக்கு மிச்சமிருக்கும் இடம் சுமார் 400 ஹெர்ட்ஸிலிருந்து 2 கிலோஹெர்ட்ஸ் வரைதான். அதையும் வெட்டிவிட்டால் எதை வைத்துக் கேட்கும்? மிட்டை 5-க்கோ 6-க்கோ ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். டோனைத் திருகும்போது டிரம்ஸும் பேஸும் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்.

இந்த இடத்தில் சிலர் கோபத்தோடு எழுதுவார்கள்: ஸ்வீடன் டெத் மெட்டல்காரர்கள் பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 டிஸ்டார்ஷன் பெடலில் நான்கு குமிழையும் முழுசாகத் திருகித்தானே பதிவு செய்தார்கள்? உண்மை. 1990-ஐ ஒட்டி ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டூடியோவிலிருந்து வந்த ஒலி அப்படித்தான் பிறந்தது. ஆனால் அந்தப் பெடலின் உள்ளே இருப்பதைப் பாருங்கள். அதன் ‘ஹை’ குமிழ் உண்மையில் ட்ரெபிளை ஏற்றுவதில்லை, 1 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத்தான் பெரிதாக ஏற்றுகிறது. ‘லோ’ குமிழ் 100 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே ஏற்றுகிறது. அதாவது எல்லாவற்றையும் முழுசாகத் திருகினாலும் மிட் போகவில்லை, குவிகிறது. அந்த ஒலிதான் வேண்டுமென்றால் பெடலை முழுசாக வைத்து, ஆம்பின் கெயினை 2, 3-க்கு மேல் போகவிடாதீர்கள். இரண்டையும் ஏற்றினால் வருவது ஸ்வீடன் அல்ல, வெறும் இரைச்சல். வேறு எந்தப் பெடலுக்கும் இந்த உதாரணத்தைக் காட்டாதீர்கள்.

பதிவில் மூன்று இடத்தில் கைவையுங்கள். இன்டர்ஃபேஸ் ஸ்விட்ச் ‘இன்ஸ்ட்ரூமென்ட்’ பக்கம் இருக்கிறதா? ‘லைன்’ பக்கம் இருந்தால் பிக்அப் சிக்னல் மந்தமாகிவிடும். பலமாக அடிக்கும்போதும் மீட்டர் −12 டெசிபலைத் தாண்டவேண்டாம். பிளகின் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படி நடங்கள். கம்பி: டிராப் சி-க்கு 10–46 தடிமன் செட் தொளதொளவென்று இருக்கும், அடித்தவுடன் சுருதி ஏறி இறங்கும், இரண்டு டேக்கும் ஒன்றோடொன்று உரசும். குறைந்தது 11–54 போட்டு, இன்டொனேஷனை (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பதை) சரிசெய்து, ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ட்யூன் செய்யுங்கள். கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி): ஆம்ப் பிளகினில் ஒரு கேபினெட், அதற்குப் பிறகு தனியாக ஐஆர் (கேபினெட்டும் மைக்கும் தரும் ஒலியைப் பிடித்த கோப்பு) ஒன்று என இரண்டும் ஓடிக்கொண்டிருந்தால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும், இரண்டுமே இல்லாவிட்டால் உங்கள் கொசு வந்துவிடும். ஒன்று மட்டும் போதும். விண்டேஜ் 30 ஸ்பீக்கர் போட்ட 4×12 கேபினெட்டை எஸ்எம்57 மைக்கில் பிடித்த ஐஆரிலிருந்து தொடங்குங்கள்.

இனி அந்தத் தொகுப்பு வியாபாரம். டெமோவில் நீங்கள் கேட்பது பிரீசெட்டை அல்ல. இரண்டு டேக், கச்சிதமான எடிட்டிங், டிஸ்டார்ஷன் போட்ட பேஸ், சாம்பிள் டிரம்ஸ், மேலே மாஸ்டரிங். இவ்வளவையும் அடுக்கிவிட்டு ஓரத்தில் பிரீசெட் பெயரைக் காட்டுகிறார்கள். செய்தவரின் பிக்அப், இன்புட் லெவல், ட்யூனிங் எதுவும் உங்களுடையதோடு பொருந்தாது; லெவல் 6 டெசிபல் மாறினாலே கெயின் வேறாகிவிடும். ‘ஆயிரம் ஐஆர்’ என்பார்கள். பெரும்பாலும் அதே ஸ்பீக்கர், அதே மைக், ஒரு சென்டிமீட்டர் நகர்த்தல். இலவசமாகக் கிடைக்கும் கேப்சர்களை (நிஜ ஆம்பின் ஒலியை நகலெடுத்த கோப்புகளை) பெயர் மாற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். அவற்றை ஓட்டும் நியூரல் ஆம்ப் மாடலர் பிளகினே இலவசம். அதற்குப் பயனர்கள் பகிர்ந்த கேப்சர்களும் ஏராளம். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கேளுங்கள்: டெமோவின் டிஐ கோப்பை (ஆம்ப் சேராத நேரடி கிட்டார் பதிவை) தருவாயா, மற்றதெல்லாம் நிறுத்திய ஒற்றை டிராக்கைக் கேட்க வைப்பாயா? தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். கிராக் செய்த பிளகின் பக்கமே போகாதீர்கள். கம்ப்யூட்டரும் பாட்டும் ஒன்றாகப் போகும். உரிமம் வாங்கியவனைக் கணக்கு, ஆக்டிவேஷன், புதுப்பிப்பு, மறுபடி ஆக்டிவேஷன் என்று நிறுவனங்கள் சுற்றவிடுவது எரிச்சலான விஷயம்தான். கிராக்குக்கு ஆள் சேர்ப்பதே அவர்கள்தான். இருந்தாலும் வேண்டாம்.

மிக்ஸிங்கில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். இரண்டு கிட்டாரையும் ஒரே பஸ்ஸில் (பல டிராக்குகள் சேரும் பொதுத் தடத்தில்) சேருங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்ட ஹை பாஸ் ஃபில்டர், 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்ட லோ பாஸ் ஃபில்டர். டிராப் சி-யின் அடி ஸ்வரமே 65 ஹெர்ட்ஸ், அதை வெட்டலாமா என்று பயப்படவேண்டாம். அதைப் பேஸ் பார்த்துக்கொள்ளும். 3-இலிருந்து 5 கிலோஹெர்ட்ஸுக்குள் விசில் போல் ஊளையிடும் இடம் இருந்தால் குறுகலாக 3 டெசிபல் வெட்டுங்கள், அதிகபட்சம் இரண்டு இடம். ஈக்யூவை (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியை) பெரிதாக ஏற்றித் தேடினால் எந்த இடமும் மோசமாகத்தான் கேட்கும். அப்படித் தேடித் தேடி வெட்டியே கிட்டாரைக் காலி செய்தவர்கள் அதிகம். பாம் மியூட் மட்டும் ‘பூம்’ என்று பொங்கினால் 80–250 ஹெர்ட்ஸில் மல்டிபேண்ட் கம்ப்ரஸர், பாம் மியூட்டின்போது மட்டும் 3, 4 டெசிபல் இறங்கும்படி.

பேஸ் கிட்டாரில்தான் நேரத்தைச் செலவழியுங்கள். டிராக்கை இரண்டாக நகலெடுங்கள் (இங்கே நகல் சரி). ஒன்றில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும், டிஸ்டார்ஷன் இல்லாமல், அசையாமல் நிற்கும் அளவுக்குக் கம்ப்ரஷன். மற்றொன்றில் 200-க்கு மேல் மட்டும், நல்ல டிஸ்டார்ஷன், 5 கிலோஹெர்ட்ஸில் லோ பாஸ். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒன்றின் ஃபேஸைத் திருப்பிக் கேட்டு, அடி அதிகமாக வரும் பக்கத்தையே வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் வாசிப்பு ரிஃபின் ஒவ்வொரு அடியிலும் கிட்டாரோடு ஒட்டவேண்டும். சோதனை எளிது: பேஸை மியூட் செய்தால் கிட்டார் சற்று ஒல்லியாகத் தெரியவேண்டும், திறந்தால் கிட்டாரே பெருத்துவிட்டதுபோல் இருக்கவேண்டும். அப்படியில்லாமல் கிட்டார் தனியாகவே கனமாக இருந்தால், அது பேஸின் இடத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹை பாஸை 90, 100 என்று ஏற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வெளியே மிக்ஸிங்குக்குக் கொடுப்பதாக இருந்தால், ஆம்ப் டிராக்கோடு டிஐ டிராக்குகளையும் 24 பிட் வேவ் கோப்பாக, எல்லாம் பாட்டின் தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்கும்படி ஏற்றுமதி செய்து, டெம்போவைக் குறித்து அனுப்புங்கள். டிஐ கேட்காமல், ஒரே ஸ்டீரியோ கோப்பு போதும், ஒரு மணி நேரத்தில் மிக்ஸிங்கும் மாஸ்டரிங்கும் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.