தண்டவாளத்தில் என்ன செய்கிறார்கள்?

மணப்பாறை ஸ்டேஷன் பக்கம் லைன் வேலையைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகள் இவை. லைனைப் பராமரிக்கும் கேங்மேனாகச் சேர்ந்து மேஸ்திரியாக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஐயா, தினமும் காலையில் ஒருத்தர் மட்டும் சுத்தியலோடு நடந்து போகிறாரே?

அவர் கீமேன், லைனைத் தினமும் நடந்து சோதிப்பவர். பார்க்கிறவர்களுக்குச் சும்மா நடக்கிற மாதிரி இருக்கும். கண் முழுக்க, தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு, அதாவது அடிக்கட்டையோடு, பிடிக்கும் கிளிப்பிலும், தண்டவாளத்தை ஒட்டிய வெல்டிலும் இருக்கும். கழன்று வந்த கிளிப்பை அடித்து உள்ளே தள்ளுவார். பையில் சிவப்புக் கொடி, டெட்டனேட்டர் என்ற எச்சரிக்கை வெடி எல்லாம் உண்டு. தண்டவாளம் உடைந்திருந்தால் கொடியை ஆட்டிக்கொண்டே ரயில் வரும் திசையில் ஓட வேண்டும். உடைந்த இடத்திலிருந்து 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று என்று தண்டவாளத்தின் மேல் வைக்க வேண்டும். சக்கரம் ஏறினால் வெடிக்கும், டிரைவர் நிறுத்திவிடுவார். ஜல்லி மேல் 1200 மீட்டர் ஓடிப் பார்த்தால்தான் அருமை தெரியும்.

மஞ்சள் மெஷின் ஜல்லிக்குள் பல்லை விட்டுக் குத்துகிறதே, எதற்கு?

டேம்பிங் மெஷின். லைனைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, ஸ்லீப்பருக்கு இரண்டு பக்கமும் பல்லை இறக்கி அதிரவைத்து, ஜல்லியை அடியில் நெருக்கும். நான் சேர்ந்தபோது பீட்டர் என்ற இரும்புக் கருவியைக் கையால் போட்டுக் குத்துவோம். உள்ளங்கை காய்த்துவிடும்.

வேலை முடிந்த பிறகும் அங்கே ரயில் ஊர்ந்து போகிறதே?

கிளறிய ஜல்லி படிய நாளாகும். அதுவரை காஷன், அதாவது வேகக் கட்டுப்பாடு.

அண்ணே, முன்பெல்லாம் தடக் தடக் சத்தம் கேட்கும். இப்போது காணோமே?

இடைவெளி விட்டுப் பூட்டிய லைன் போய், நீளமாக வெல்ட் செய்த லைன் வந்துவிட்டது. சூடு 10 டிகிரி ஏறினால் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் சுமார் 11 செ.மீ. நீளப் பார்க்கும். கிளிப்பும் ஸ்லீப்பரும் ஜல்லியும் விடாமல் பிடித்து வைத்திருக்கும். பிடி தளர்ந்தால் லைன் பாம்பு மாதிரி வளைந்துவிடும். சித்திரை வெயிலில் நட்ட நடுப்பகலில் ரோந்து போவது இதற்குத்தான். ஓரத்து ஜல்லியை வீட்டு வேலைக்கு அள்ளிப் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

பையனுக்குக் கிட்டே போய்ப் பார்க்க ஆசை.

வேண்டாம் தம்பி. ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. பிளாட்பாரத்திலிருந்தே நன்றாகத் தெரியும்.

ராத்திரியிலும் நடப்பார்களா?

மழைக்காலத்தில் நடப்போம். ஒருவர் நடக்க வேண்டிய தூரம்தான் பீட். அது முடியும் இடத்தில் அடுத்த பீட்காரரோடு நோட்டை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அவர் வரவில்லையென்றால், சரி என்று திரும்ப முடியாது. அவரைப் பார்க்கும் வரை அவர் பீட்டிலும் நடக்க வேண்டும்.