பி.ஆர். கார்டு கைக்கு வருமுன் ஊருக்குப் போகலாமா? – கேள்வி பதில்

கனடாவில் லேண்டிங் (நிரந்தரவாசியாக முறைப்படி பதிவாவது) முடித்துவிட்டு, பி.ஆர். கார்டு (நிரந்தரவாசி அட்டை) வருவதற்குள் வெளிநாடு போகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டன. புதிதாக வருகிறவர்களுக்கு ஸ்கார்பரோவில் படிவம் நிரப்ப உதவுவது என் வேலை. நான் வக்கீல் இல்லை. வழக்கு, மேல்முறையீடு என்று போகிற விஷயங்களுக்கு வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: அக்கா, விசா முடிவதற்குள் பத்து நாள் டொராண்டோ வந்து லேண்டிங் செய்துவிட்டுத் திரும்பி, ஒரு வருடம் கழித்துக் குடும்பத்தோடு வரலாம் என்று இருக்கிறோம். கார்டை நண்பர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லலாமா?

சொல்லலாம், பலர் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் குடியேற்ற விசா ஒரே ஒரு நுழைவுக்குத்தான். நீங்கள் இறங்கும் அன்றே அதன் வேலை முடிந்துவிடும். அடுத்த முறை விமானம் ஏற கார்டு வேண்டும், இல்லையென்றால் பி.ஆர்.டி.டி. எனப்படும் பயண ஆவணம் வேண்டும். கார்டைக் கனடா முகவரிக்கு மட்டுமே அனுப்புவார்கள். அந்த முகவரியையும் இறங்கிய 180 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தவறினால் 50 டாலர் கட்டி விண்ணப்பிக்க வேண்டும், அந்த விண்ணப்பத்தைக் கனடாவுக்குள் இருந்துகொண்டுதான் போட முடியும்.

இன்னொன்று, நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் சிக்கல். பாஸ்போர்ட்டில் நம் குடும்பப் பெயர் என்று இருப்பது பெரும்பாலும் அப்பா பெயர். உறையிலும் அது சேர்ந்தே வரும். உங்களை ‘செந்தில்’ என்று மட்டும் அறிந்த நண்பர், ‘செந்தில் ராமசாமி’ என்றால் யாரோ என்று உறையைத் திருப்பி அனுப்பிவிடுவார். இப்படி இரண்டு குடும்பங்கள் என்னிடம் வந்து அழுதிருக்கின்றன. எல்லோருடைய முழுப்பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரு தாளில் எழுதி நண்பரிடம் கொடுங்கள். அடுக்குமாடி என்றால் தபால் பெட்டியின் உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டச் சொல்லுங்கள், முகவரியில் வீட்டு எண்ணை விட்டுவிடாதீர்கள். கார்டு வந்தபின் நண்பர் கூரியரில் அனுப்பலாம், ஊருக்கு வருகிறவர்களிடமும் கொடுத்துவிடலாம். கைக்கு வந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

பிராம்டனிலிருந்து ஒருவர்: லேண்டிங் ஆகி மூன்று வாரம். அப்பாவுக்கு மதுரையில் மாரடைப்பு. கார்டு வரவில்லை. போனால் பி.ஆர். போய்விடுமா?

போகாது. இன்றே கிளம்புங்கள். கார்டு இல்லாமல் கனடாவை விட்டு வெளியேறத் தடை ஏதும் இல்லை. லேண்டிங் முடிந்த நிமிடத்திலிருந்து நீங்கள் நிரந்தரவாசி. திரும்பி வரும்போது விமானத்தில் ஏற்றிக்கொள்வார்களா என்பது மட்டும்தான் சிக்கல்.

நான் இதை அனுபவித்திருக்கிறேன். 2012 அக்டோபரில் இறங்கினேன். ஐந்தாவது வாரம் அம்மாவுக்குப் பக்கவாதம் என்று திருச்சிக்கு ஓடினேன். திரும்பும்போது சென்னை கவுண்டரில் என் சி.ஓ.பி.ஆர். தாளை (நிரந்தரவாசி ஆனதை உறுதிசெய்யும் தாள்) இரண்டு பேர் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கார்டு எங்கே என்று கேட்டார்கள். பெட்டிகளை பெல்ட்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். சட்டப்படி அவர்கள் செய்தது சரிதான், எனக்குத்தான் தெரியவில்லை.

அதனால் சி.ஓ.பி.ஆர்., நுழைவு முத்திரை உள்ள பாஸ்போர்ட் பக்கம் இரண்டையும் கிளம்புமுன் ஸ்கேன் எடுத்து வையுங்கள். அசலையும் கையோடு கொண்டுபோங்கள். டொராண்டோவில் யாராவது தினமும் தபால் பெட்டியைப் பார்க்கட்டும். கார்டு வராது என்று தெரிந்தால் அங்கிருந்தே பி.ஆர்.டி.டி.க்கு ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். கட்டணம் 50 டாலர். ஒப்புதல் வந்ததும் பாஸ்போர்ட்டைச் சென்னை விசா மையத்தில் கொடுத்து ஸ்டிக்கர் வாங்க வேண்டும். திரும்பும் டிக்கெட் தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். அப்பா நலமாகட்டும்.

சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்: எங்களுக்கு விசா வேண்டாமே, இ.டி.ஏ. (ஆன்லைன் பயண அனுமதி) எடுத்து வந்துவிடலாமா?

முடியாது. நிரந்தரவாசிக்கு இ.டி.ஏ. கிடையாது. 2016 நவம்பருக்கு முன் வெறும் பாஸ்போர்ட்டில் வந்துவிட முடிந்தது, இப்போது முடியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: கார்டு இல்லாமல் டொராண்டோவிலிருந்து பிராங்க்ஃபர்ட் வழியாகக் கொழும்பு வரலாமா அக்கா?

இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஜெர்மனி உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் விமானம் மாறவே டிரான்சிட் விசா வேண்டும். கனடா பி.ஆர். கார்டு இருந்தால் விலக்கு உண்டு, சி.ஓ.பி.ஆர். அந்தக் கார்டுக்கு ஈடாகாது. தோஹா, துபாய் வழியாக டிக்கெட் போடுங்கள்.

சென்னையிலிருந்து ஒருவர்: சி.ஓ.பி.ஆர். மட்டும் வைத்து விமானம் ஏறலாமா?

மேலே பாருங்கள். முடியாது.

மிசிசாகாவிலிருந்து ஒருவர்: அடுத்த மாதம் லேண்டிங். போன வாரம் கல்யாணம் ஆனது. மனைவியைப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார்.

தயவுசெய்து அந்த ஏஜென்ட் பேச்சைக் கேட்காதீர்கள். கல்யாணமோ குழந்தையோ, இறங்குவதற்கு முன்பே குடிவரவுத் துறைக்கு எழுதித் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இறங்கினால் 117(9)(டி) விதிப்படி அந்த மனைவியைப் பின்னர் குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்யவே முடியாமல் போகும். 2019 செப்டம்பரில் சிலருக்கு விலக்கு தரும் ஏற்பாடு வந்தது. அதை நம்பி மறைக்காதீர்கள். லேண்டிங் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

சேலத்திலிருந்து ஒருவர்: சி.ஓ.பி.ஆர். மட்டும் வைத்து என் சித்தி மகன் கொழும்பிலிருந்து ஏறி வந்தான். நீங்கள் ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

வந்திருக்கலாம். கவுண்டர் ஊழியர் அன்று விசாவைப் பார்த்து ஏற்றியிருக்கலாம். இப்போது விமான நிறுவனத்தின் கணினி ஒவ்வொரு பயணிக்கும் கனடாவிடம் ‘ஏற்றலாமா’ என்று கேட்டுப் பதில் வாங்குகிறது. ஒருவர் தப்பித்ததை வைத்து நான்கு பேர் குடும்பம் டிக்கெட் எடுக்கக்கூடாது.

அதே நபர்: அப்படியானால் அமெரிக்கா வழியாகக் காரில் வந்தால் மட்டும் எப்படி விடுகிறார்கள்? அது கொல்லைப்புற வழி இல்லையா?

இதே கேள்வியை ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். அதனால் விவரமாகச் சொல்கிறேன். கார்டோ பி.ஆர்.டி.டி.யோ கேட்பது விமானம், ரயில், பஸ், கப்பல் போன்ற பயணிகள் வாகனங்களில் ஏறுவதற்கு. எல்லையில் நிற்கும் அதிகாரிக்கு வேறு விதி. நீங்கள் நிரந்தரவாசி என்று அவர் திருப்தியடைந்தால் உள்ளே விட்டே ஆக வேண்டும் என்கிறது 2001 குடிவரவுச் சட்டத்தின் 19(2) பிரிவு. இது உங்கள் உரிமை, ஒளிந்து வருவது இல்லை. பஃபலோவிலிருந்து பஸ்ஸில் வந்தால் மறுபடியும் அதே கார்டு கேள்வி வரும். சொந்தக்காரர் காரில் வரலாம், நடந்தும் வரலாம்.

2012-ல் சென்னையில் இறக்கிவிட்ட பிறகு நான் இப்படி நடந்தே வந்தேன். பழைய வேலையில் எடுத்த அமெரிக்க விசா என்னிடம் இருந்தது. நயாகராவின் ரெயின்போ பாலத்தில், அருவியின் சாரல் முகத்தில் அடிக்க, தாள் நனையாமல் கோட்டுக்குள் வைத்து நடந்தேன். அதிகாரி சி.ஓ.பி.ஆரில் இருந்த எண்ணைத் தட்டிப் பார்த்தார், முதல் முறை இறங்கிய தேதியைக் கேட்டார், ‘வெல்கம் ஹோம்’ என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா இல்லாதவர்களுக்கு இந்த வழி இல்லை. வருடக்கணக்கில் வெளியே இருந்து 730 நாள் கணக்கு இடிக்கிறவர்கள் எல்லையில் பி.ஆரையே பறிக்கக்கூடிய அறிக்கை எழுதப்படும் அபாயம் உண்டு என்று தெரிந்து வாருங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: அதென்ன 730 நாள்?

ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும், தொடர்ச்சியாக இல்லாவிட்டாலும் சரி. வந்த நாளும் போன நாளும் கணக்கில் சேரும்.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்: நகையை இரண்டாவது முறை வரும்போது கொண்டுவரலாமா?

முதல் லேண்டிங்கிலேயே ‘பின்னால் வரும் பொருட்கள்’ பட்டியலில் எழுதி சுங்க அதிகாரியிடம் முத்திரை வாங்குங்கள். எழுதாததற்கு வரி கேட்பார்கள். ஆரம், வளையல் ஒவ்வொன்றுக்கும் போட்டோவும் நகைக்கடையின் மதிப்பீட்டுச் சீட்டும் வையுங்கள்.

இருவர்: சி.ஓ.பி.ஆர். மட்டும் வைத்து…

மூன்று முறை எழுதிவிட்டேன். விமானத்துக்குப் போதாது.

ஒருவர்: வெளிநாட்டு வருமானத்துக்கு வரி?

கணக்காளரைக் கேளுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு தாய்: இருவரும் லேண்டிங் முடித்துத் திரும்பினோம். பிறகு குழந்தை பிறந்தது, நான்கு மாதம். எங்கள் கார்டு வந்துவிட்டது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரலாமா அக்கா?

பெற்றோருக்கு இருக்கும் பி.ஆர். குழந்தைக்குத் தானாக வராது. பி.ஆர்.டி.டி.யும் கிடைக்காது. ஸ்பான்சர் செய்ய வேண்டும். நிரந்தரவாசி ஸ்பான்சர் செய்ய வேண்டுமென்றால் கனடாவில் வசித்தாக வேண்டும். குழந்தையைப் பிரிந்து வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தைக்கு வருகையாளர் விசா கேளுங்கள், நடந்ததை அப்படியே கடிதத்தில் எழுதுங்கள். அது கிடைத்து மூவரும் வந்தபின் இங்கிருந்து ஸ்பான்சர் விண்ணப்பம் போடலாம். விசா மறுக்கப்பட்டால் ஒருவர் முன்னால் வந்து விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறாமல் இருந்தால் இந்த வாரமே மாநகராட்சியில் சேர்த்துவிடுங்கள். பாஸ்போர்ட், விசா, ஸ்பான்சர் எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.