கேளுங்கள், ஊதிக் காட்டுகிறேன்

கேள்வி: என் மகள் ஆல்டோ சாக்ஸபோன் கற்கிறாள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய முதல் செல்லோ சூட்டின் (நடனத் தொகுப்பின்) பிரிலூடை, அதாவது தொடக்கப் பகுதியை, ஆரம்பித்திருக்கிறாள். “பாக் காலத்தில் இல்லாத வாத்தியத்தில் பாக் வாசிப்பது தப்பு” என்கிறார் என் பெரியப்பா. உண்மையா?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

பெரியப்பாவின் கணக்கு சரிதான். பாக் இறந்தது 1750-ல். அடால்ஃப் சாக்ஸ் பாரிஸில் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை வாங்கியது 1846-ல். ஆனால், விவால்டி நான்கு வயலினுக்கு எழுதிய கான்செர்ட்டோவை நான்கு ஹார்ப்சிகார்டுக்கு (பியானோவுக்கு முந்தைய கீபோர்டு) மாற்றி எழுதியவரும் இதே பாக்தான். சுருதியைக்கூட விட்டுவைக்கவில்லை, பி மைனரில் இருந்ததை ஏ மைனருக்கு இறக்கிக்கொண்டார். அவரே செய்ததை உங்கள் மகள் செய்தால் என்ன குறைந்துவிடும்?

தியாகராஜர் மறைந்தது 1847-ல். சாக்ஸபோனுக்கு அப்போது காப்புரிமை கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கத்ரி கோபால்நாத் அதில் தியாகராஜர் கீர்த்தனை வாசித்தபோது பெரியப்பா தலையாட்டினாரா, இல்லையா? கேட்டுப் பாருங்கள்.

சுருதி பற்றியும் கவலை வேண்டாம். தனியாக வாசிக்கும் பீஸ் அது. கைக்கு எந்தக் கீ வசதியோ அதில் வாசிக்கட்டும்.

கேள்வி: அதே பிரிலூடைத்தான் நானும் வாசிக்கிறேன். மூச்சு எடுக்க இடமே இல்லையே! சர்க்குலர் பிரீத்திங் (மூக்கால் மூச்சிழுத்துக்கொண்டே நிறுத்தாமல் ஊதும் முறை) கற்றுக்கொள்ளட்டுமா?
– கல்லூரி மாணவர், சூரமங்கலம்

கற்றுக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் இந்தப் பீஸுக்கு வேண்டாம். செல்லோக்காரருக்கு வில் இருக்கிறது, மூச்சைப் பற்றிக் கவலையில்லை. நமக்கு அப்படி இல்லை. எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யவே பாட்டை நாம் உட்கார்ந்து படித்தாக வேண்டும். அந்த வேலையைத் தட்டிக்கழித்து, மூச்சே விடாமல் ஊதித் தள்ளினால் கேட்பவனுக்குத்தான் மூச்சு முட்டும்.

முதல் பாரை (நோட்டில் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை உள்ள தாளக் கட்டம்) எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் சங்கராபரணம். கீழ் ஸ, ப, மேல் க, மேல் ரி, மேல் க, ப, மேல் க, ப. இந்த எட்டும் பாரில் இரண்டு முறை வரும். முதலில் வரும் கீழ் ஸ சும்மா ஒரு ஸ்வரம் இல்லை, அதுதான் அஸ்திவாரம். ஒற்றை வாத்தியத்தில் இரண்டு மூன்று பேர் பேசுவது போலக் கேட்கவைக்கும் பாக்கின் வித்தை இதில் இருக்கிறது. கீழ் ஸ ஒருவர், மேலே க–ரி–க இன்னொருவர், நடுவில் ப.

பெரும்பாலான பிள்ளைகள் பார் கோட்டைப் பார்த்ததும் மூச்சு எடுத்துவிடுகிறார்கள். அங்கே எடுத்தால் வரிசை அறுந்துபோகும். கோட்டைத் தாண்டுங்கள். கீழ் ஸவை ஒரு இம்மி நீட்டி ஊன்றுங்கள், அதன் பிறகு திருட்டு மூச்சு. அஸ்திவாரம் காதில் நிற்பதால் இடைவெளி உறுத்தாது. ஒவ்வொரு பாரிலும் இதைச் செய்தால் விக்கல் மாதிரி ஆகிவிடும். ராகத்தின் நிறம் மாறும் இடமாகப் பார்த்துப் பென்சிலால் குறியுங்கள். மூச்சுக்காக உள்ளே ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டாலும் குற்றமில்லை, ஆனால் கீழ் ஸ்வரத்தை மட்டும் விடாதீர்கள்.

ஒரு ஆறுதல்: புல்லாங்குழலுக்கென்றே பாக் எழுதிய ஏ மைனர் பார்ட்டிட்டாவின் முதல் பகுதியிலும் மூச்சு எடுக்க இடம் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஊதுபவர்கள் மேல் மனுஷனுக்கு இரக்கமே இல்லை.

கேள்வி: கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசிப்பவன் நான். பாக்கில் கமகம் போடலாமா?
– ஒரு வாசகர், குகை

ஸ்வரத்தை அசைக்கும் கமகம் வேண்டாம். அசைத்தால் மேலே சொன்ன அந்த இரண்டாவது, மூன்றாவது குரல்கள் குழம்பிப்போகும். ஆனால் கை சும்மா இருக்க வேண்டியதில்லை. அந்த சூட்களில் பிரிலூடுக்குப் பின் வரும் நடனங்கள் இரண்டு பாதியாக இருக்கும், ஒவ்வொரு பாதியையும் திருப்பி வாசிக்க வேண்டும். இரண்டாம் தடவை அலங்காரம் சேர்ப்பது அந்தக் காலத்து வழக்கம். சங்கதி போடத் தெரிந்த உங்களுக்கு இது கைவந்த விஷயம்.

உங்களிடம் இன்னொரு சொத்தும் இருக்கிறது. குவாண்ட்ஸ் என்ற ஜெர்மன் குழல் வித்துவான் 1752-ல் வெளியிட்ட பாடநூலில், நாக்கை “தி”, “தி-ரி” என்று சொற்கட்டு வைத்தே பழகச் சொல்கிறார். நாகஸ்வரக்காரர்கள் நாக்கால் தட்டி ஊதும் துத்துகாரம் கேட்டு வளர்ந்தவருக்கு அதை விளக்க வேண்டுமா என்ன? எல்லா ஸ்வரத்தையும் ஒரே பலத்தில் அடிக்காமல் ஒன்று கனம், ஒன்று லேசு என்று வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: சேலத்தில் சரியாக இருக்கும் என் சாக்ஸ், ஏற்காட்டு சர்ச்சில் கீபோர்டோடு சேர்ந்தால் சுருதி இறங்கிவிடுகிறது. மலை உயரம் காரணமா?
– ஒரு வாசகர், ஏற்காடு

உயரம் இல்லை, குளிர். 35 டிகிரியில் ஒலி நொடிக்குச் சுமார் 352 மீட்டர் போகும். 15 டிகிரியில் சுமார் 340 தான். வேகம் குறைந்தால் குழாயின் சுருதியும் இறங்கும். உங்கள் மூச்சுச் சூடு உள்ளே இருப்பதால் முழுசாக இறங்காது, ஆனாலும் காதுக்குத் தெரியும். கீபோர்டுக்கு வெயிலும் தெரியாது, பனியும் தெரியாது.

மவுத்பீஸை கார்க்கில் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். பாட்டுக்கு நடுவில் சாக்ஸை ஸ்டாண்டில் வைக்காமல் மடியிலேயே வைத்து, அவ்வப்போது சத்தம் வராமல் சூடான மூச்சை உள்ளே விடுங்கள். பிரசங்கம் நீண்டால்தான் கொஞ்சம் கஷ்டம்.