வயநாட்டு மண் நம் குழாய்க்கு வருமா?

அல்சூர் வாசகி, பெங்களூரு: 2024-இல் வயநாட்டில் சரிந்த மண் கபினி வழியாகக் காவிரியில் கலந்து நமக்குத்தான் வருகிறது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் குழாயில் தண்ணீர் கலங்கலாக வருவது அதனால்தானா?

இல்லை. வயநாட்டு மழையில் பெரும்பகுதி கிழக்கே கபினிக்கு வருவது உண்மைதான். ஆனால் ஜூலை 30 விடியற்காலையில் சரிந்த முண்டக்கை, சூரல்மலைப் பகுதி மேற்கு விளிம்பில் இருக்கிறது. அங்கிருந்து உருண்ட பாறையும் மண்ணும் சாலியாற்றில்தான் இறங்கின, நிலம்பூர் வரை அடித்துப்போன உடல்களை அந்த ஆற்றிலிருந்துதான் எடுத்தார்கள், பாவம். அந்த ஆறு அரபிக்கடலுக்குப் போகிறது.

நம் காவிரிக்கு வருவது குடகு மண். 2018 ஆகஸ்ட்டில் மடிக்கேரியைச் சுற்றி மலைமலையாகச் சரிந்தபோது காவிரியில் சேரும் ஹாரங்கி ஆறு சேறாக ஓடியது. ஆனாலும் அது உங்கள் குழாய் வரை வராது. ஆற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் குலுக்கி வையுங்கள், மணல் உடனே அடியில் உட்காரும், களிமண் மணிக்கணக்கில் மிதக்கும். வழியிலுள்ள அணையிலும் அதுதான் நடக்கிறது: மணல் ஆறு நுழைகிற இடத்திலேயே தங்கிவிடும், தப்பி வருகிற களியைத் தொரேகாடனஹள்ளியில் தெளியவைத்து வடிகட்டித்தான் பெங்களூருக்கு ஏற்றுகிறார்கள். கலங்கல் வந்தால் தெருவில் குழாய் உடைந்திருக்கிறதா பாருங்கள், அப்புறம் உங்கள் சம்பை, அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுங்கள்.

என் கவலை அணையில் தங்குகிற மண்தான். அது பிடித்த இடத்தில் அதற்கப்புறம் தண்ணீர் நிற்காது, கோடையில் அந்தக் குறை தெரியும். தூர் வாரலாமே என்பார்கள், வாரிய மண்ணை எங்கே கொட்டுவது? மலையிலேயே நிறுத்தினால்தான் உண்டு.

ஜெயநகர் வாசகர், பெங்களூரு: ஹோம்ஸ்டே கட்ட மடிக்கேரி அருகே சரிவில் மனை பார்த்திருக்கிறேன். வாங்கலாமா?

முதலில் மனையின் பின்பக்கம் போய் நில்லுங்கள். மேட்டைச் செங்குத்தாக வெட்டிச் சமதளமாக்கியிருந்தால் வேண்டவே வேண்டாம். சரிவின் அடிப்பக்கத்தை வெட்டியபின் மேல் மண்ணுக்குத் தாங்கல் இல்லை, நாள்கணக்கில் மழை ஊறி உள்ளே நீரழுத்தம் ஏறும்போது மொத்தமாக இறங்கிவிடும். சாலைக்கும் வீட்டுக்கும் இப்படி வெட்டியதைத்தான் 2018 சரிவுகளுக்கு முக்கியக் காரணமாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் சொன்னது. மேட்டின் உச்சியில் வளைந்த விரிசல், ஒரே பக்கம் சாய்ந்த சில்வர் ஓக் மரங்கள், திடீரென்று கலங்கிய ஊற்று, இதில் எது கண்ணில் பட்டாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வெயில் காலத்தில் எந்த மனையும் அழகாகத்தான் இருக்கும், ஜூலை மழையில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.