லின்டரில் கமென்ட் விதியைத் திருத்தினால் வேலைக்கு உதவுமா?

மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கிறீர்கள். கோடை ஓட்டாமலே படித்துத் தவறுகளைச் சுட்டிக்காட்டும் லின்டர் திட்டம் ஒன்றில், ஃபங்ஷனுக்கு எழுதும் விளக்கக் குறிப்பைச் சரிபார்க்கும் பகுதியை மேம்படுத்த ஆரம்பித்திருக்கிறீர்கள். "கமென்ட் திருத்தினேன் என்று ரெஸ்யூமேயில் போட்டால் சிரிப்பார்கள்" என்கிறார்கள் நண்பர்கள். இதை விட்டுவிட்டு ஏஐ ப்ராஜெக்ட் ஏதாவது செய்யட்டுமா என்று கேட்கிறீர்கள். விடாதீர்கள்.

பெயரில்தான் இது கமென்ட் வேலை. ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொரு ஃபங்ஷன் இருக்கிறது, உள்ளே இருப்பது மட்டும் ரிட்டர்ன் செய்கிறது என்று வையுங்கள். சரிபார்ப்பான் கவனமில்லாமல் எழுதப்பட்டிருந்தால், "திருப்பித் தரும் மதிப்பை விளக்கவில்லை" என்று வெளி ஃபங்ஷன் மீது புகார் சொல்லும். இதைச் சரிசெய்ய சின்டாக்ஸ் ட்ரீயில் (கோடின் அமைப்பைக் கிளை கிளையாகக் காட்டும் மரம்) எங்கே இறங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். கம்பைலர் பாடத்தில் மனப்பாடம் செய்ததை இங்கேதான் கையால் செய்து பார்ப்பீர்கள்.

இன்னொரு உதாரணம். 2020இல் வந்த பிஎச்பி 8, கோடோடு கூடுதல் தகவலை ஒட்டிவைக்கும் ஆட்ரிபியூட் வசதியைக் கொண்டுவந்தது. விளக்கக் குறிப்புக்கும் ஃபங்ஷனுக்கும் நடுவில் ஒரு ஆட்ரிபியூட் உட்கார்ந்துகொள்ளலாம். ஃபங்ஷனுக்குச் சற்று முன்னால் இருப்பதை மட்டும் பார்க்கும் விதி அப்போது தடுமாறும். குறிப்பு கண்ணெதிரே இருந்தும் "இல்லை" என்று சொல்லிவிடும். இப்படிப் பொய் எச்சரிக்கை கொடுக்கும் விதியை டீம்கள் திருத்துவதில்லை, அணைத்துவிடுகின்றன. ஆகவே புது விதி சேர்ப்பதைவிட, இருக்கிற விதியின் பொய் எச்சரிக்கையைக் குறைப்பதே பெரிய வேலை என்பது என் கருத்து.

கோடில் கை வைக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: அந்த விதியை இன்னும் யாராவது பராமரிக்கிறார்களா? ஜாவாஸ்கிரிப்ட் லின்டரான ஈஎஸ்லின்ட், விளக்கக் குறிப்பைச் சரிபார்க்கும் தன்னுடைய ஜேஎஸ்டாக் விதிகளை 2018இலேயே கைவிட்டது. அந்த வேலையைத் தனி ப்ளக்இன் பார்த்துக்கொள்கிறது. பைதானில் இதே வேலையைச் செய்த பைடாக்ஸ்டைலும் நிறுத்தப்பட்டு, அதன் விதிகள் ரஃப் என்ற லின்டரில் வாழ்கின்றன. செத்த ரெபோவில் அனுப்பும் புல் ரிக்வெஸ்டை (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கையை) யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம், முதலில் டெஸ்ட் எழுதுங்கள். தவறான எச்சரிக்கை வரும் மிகச் சிறிய கோடைப் பிடித்து, தோற்கும் டெஸ்டாகப் போட்டுவிட்டுத் திருத்தத்தைத் தொடங்குங்கள். எச்சரிக்கை வர வேண்டிய இடத்தில் இன்னும் வருகிறதா என்பதற்கும் ஒரு டெஸ்ட் வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். முன்பு அமைதியாக இருந்த கோடில் உங்கள் திருத்தம் புதிதாக எச்சரிக்கை எழுப்புமானால், அதை ஆப்ஷனாக வைக்கலாமா என்று திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இல்லாவிட்டால் அப்டேட் செய்த மறுநாள் பலருடைய பில்டு உடையும்.

ரெஸ்யூமேயில் "ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த விதி, என்ன பொய் எச்சரிக்கை, எப்படி நிறுத்தினீர்கள் என்று இரண்டு வரி எழுதி லிங்க் கொடுங்கள். இன்டர்வியூவில் கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும். பதில் உங்கள் கையில் இருக்கும். மெயின்டெய்னர் எதை மறுத்தார், நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். விண்ணப்பிக்கும் நேரத்தில் புல் ரிக்வெஸ்ட் இன்னும் சேர்க்கப்படவில்லையா? சரி, "மதிப்பாய்வில் உள்ளது" என்று உள்ளபடியே போடுங்கள். ஏஐ ப்ராஜெக்டை அடுத்த செமஸ்டரில் தொடங்கலாம்.