சில்லறைத் தொகைதானே என்று விடலாமா?

கேள்வி: என் கிரெடிட் கார்டில், நான் வாங்காத எதற்கோ இரண்டு சிறிய தொகைகள் பிடித்திருக்கிறார்கள். மறுநாள் வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்து, கார்டின் முதல் ஆறு எண்களைச் சரியாகச் சொன்னார். மீதியைக் கேட்டதும் பயந்து துண்டித்துவிட்டேன். இந்த அற்பத் தொகைக்காக அலைய வேண்டுமா? பேசாமல் கார்டை விட்டுவிட்டுக் காசோலைக்கே திரும்பிவிடட்டுமா? - ஒரு வாசகி

பதில்: துண்டித்தீர்களே, அதுவே பாதி வேலை. மீதிப் பாதியை இன்றே முடியுங்கள். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பேசி, கார்டை முடக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு தொகைகளும் உங்களுடையவை அல்ல என்று புகார் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் எண்ணை நம்ப வேண்டாம். அங்கேயும் போலிகள் உட்கார்ந்திருக்கின்றன.

தொகை அற்பமாக இருப்பதுதான் எனக்குக் கவலை. கைக்குக் கிடைத்த எண் இன்னும் செல்லுபடியாகிறதா என்று திருடர்கள் முதலில் காலை விட்டு ஆழம் பார்ப்பார்கள். நீங்கள் சத்தம் போடவில்லை என்றால், அடுத்தது பெரிய தொகை.

அந்த ஆறு எண்களில் மந்திரம் ஒன்றும் இல்லை. 4 என்று தொடங்கினால் விசா. அடுத்து வருபவை எந்த வங்கி, எந்த வகைக் கார்டு என்பதைச் சொல்பவை. அதே வகைக் கார்டு வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அவை ஒன்றாகவே இருக்கும். கடைசி நான்கு எண்களைச் சொன்னாலும் மயங்காதீர்கள், அவை ரசீதுகளிலேயே அச்சாகின்றன.

காசோலைக்குத் திரும்புவதா? எனக்குச் சம்மதமில்லை. உங்கள் பெயர், கணக்கு எண், கையெழுத்து மூன்றும் ஒரே தாளில் பல கைகள் மாறிப் போகின்றன. சாதாரண பால்பாயின்ட் மையை அசிட்டோன் கரைத்துவிடும். கையெழுத்தை மட்டும் விட்டுவிட்டுப் பெயரையும் தொகையையும் கழுவி எடுத்துவிடுவார்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், காகித இழைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் நிறமி மை உள்ள ஜெல் பேனாவால் எழுதுங்கள். இடமும் விடாதீர்கள். கோட்டின் நடுவில் "ஐந்நூறு" என்று எழுதினால், அதற்கு முன்னால் "ஒன்பதாயிரத்து" என்று சேர்க்க எவ்வளவு நேரமாகும்? கட்டத்தில் 500-க்கு முன்னால் ஒரு 9 போட்டால் கணக்கும் ஒத்துப்போகும். இடது ஓரத்தை ஒட்டித் தொடங்கி, "மட்டும்" என்று முடித்து, மிச்ச இடத்தில் கோடு இழுத்துவிடுங்கள்.

இன்னொன்று: கிரெடிட் கார்டில் மோசடி நடந்தால் தகராறு பில்லின் மீது. காசோலையில் நடந்தால் முதலில் போவது உங்கள் கணக்கில் இருக்கும் பணம். ஆகவே கார்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் குறுஞ்செய்தி வரும்படி செய்யுங்கள். தொல்லைதான், ஆனால் மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டியதில்லை.

புதிய கார்டு வந்ததும், பழைய எண்ணில் மாதாமாதம் பிடித்துவந்த கட்டணங்களை நீங்களே மாற்றிக் கொடுங்கள். அதற்கு உதவுகிறேன் என்று யாராவது அழைத்தால், போன முறை செய்ததையே செய்யுங்கள்.